முகிலும் குதிரும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தென்மேற்கில், அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் நோக்கிச் செல்லும் மலைப்பாதையில் அமைந்த ஊர் நாட்றாம்பாளையம். சுற்றிலும் குன்றுகள், குன்றுகளுக்கிடையே கேழ்வரகும் சாமையும் கொள்ளும் விளையும் மானாவாரி நிலங்கள், அவற்றிற்கு அப்பால் யானைகள் உலவும் காடு. காட்டிற்கு மேற்கே காவிரி ஓடுகிறது. ஆற்றின் அக்கரை கருநாடகம். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே சந்தையில் விலை பேசும் எல்லைப்புறம் இது. இப்பகுதியின் இளைஞர் பலர் ஓசூருக்கும் பெங்களூருக்கும் ஆலை வேலைக்குச் செல்கின்றனர். கிழமைக்கு ஒருமுறையோ திங்களுக்கு ஒருமுறையோ அவர்கள் ஊர் திரும்பும்போது, அவர்களுடைய சட்டைப்பையில் கைப்பேசியும் உடன் வருகிறது.

ஓசூரில் அக்கைப்பேசி விரைந்து இயங்கும். வேண்டிய பாடமும் பாட்டும் தொட்டவுடன் திரையில் தோன்றும். பேருந்து மலைப்பாதையில் வளைந்து செல்லச் செல்ல, திரையின் மேல்மூலையில் தெரியும் அலைக்கோடுகள் ஒவ்வொன்றாகக் குறையும். கைப்பேசிக்குச் செய்தி கொண்டுவரும் மின்காந்த அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. குன்று ஒன்று இடையே நின்றால் அவை தடைப்பட்டு மெலிந்து போகும். ஆதலால் கோபுரத்தைக் காணும் மேட்டில் நிற்பவனுக்குக் கிடைக்கும் அலை, பள்ளத்து வீட்டில் இருப்பவனுக்குக் கிடைப்பதில்லை. ஓசூரில் கைக்கெட்டிய பாடம் ஊருக்கு வந்ததும் எட்டாத பாடமாகிவிடுகிறது. அது கைப்பேசியிலேயே இருந்தது என்று எண்ணியவர், அது அங்கே இல்லை என்பதை அப்பொழுதுதான் உணர்கின்றனர்.

அப்படியானால் அது எங்கே இருந்தது?

இவ்வூர் உழவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. விளைந்த கேழ்வரகில் ஒரு பகுதியை அவர்கள் வீட்டுக் குதிரில் கொட்டி வைப்பர். மழை பெய்து வழி அடைபட்டாலும், யானை வழியில் நின்றாலும், அன்றிரவு களி கிண்டுவதற்குக் குதிரில் உள்ள தானியம் உதவும். நகரத்துக் கிடங்கில் ஆயிரம் மூட்டை அடுக்கியிருக்கலாம். ஆயினும் வழி திறந்திருந்தாலன்றோ அது அடுப்புக்கு வரும்? கைப்பேசியின் உள்ளே இருக்கும் சேமிப்பகம் வீட்டுக் குதிரைப் போன்றது. மேகச் சேமிப்பு என்று இந்நாளில் வழங்குவது தொலைவிலுள்ள பெருங்கிடங்கு.

மேகம் என்னும் பெயர் சற்றே ஏமாற்றும் பெயர். கோப்புகள் வானத்தில் மிதப்பதாக எண்ணுவாரும் உளர். உண்மையில் அவை தரையில், பெரிய கட்டடங்களுக்குள், வரிசை வரிசையாக அடுக்கிய கணிப்பொறிகளில் இருக்கின்றன. அவற்றைத் தரவு மையங்கள் என்பர். சென்னையிலும் அத்தகைய மையங்கள் பல உள்ளன. அங்கே இரவும் பகலும் மின்சாரம் தடையின்றி ஓட வேண்டும். பொறிகள் சூடாகாவண்ணம் குளிர்க்காற்று வீசிக்கொண்டே இருக்க வேண்டும். வெளிநாட்டு மையங்களில் உள்ள கோப்புகள் கடலடியில் கிடக்கும் கண்ணாடியிழை வடங்களின் வழியே வந்து, பின்னர் நிலத்தடி வடங்களில் ஓடி, இறுதிச் சிறு தொலைவை மட்டுமே கோபுரத்திலிருந்து கைப்பேசிக்கு வான்வழியே கடக்கின்றன. பல்லாயிரங் கல் கடந்து வரும் கோப்பு கடைசி ஒரு கல் தொலைவில் குன்றுக்குப் பின்னே சிக்கிக்கொள்வதே மலையூர்களின் இடர்ப்பாடு.

தொலைக்கிடங்கிலிருந்து ஒரு கோப்பின் படியைக் கைப்பேசிக்குக் கொண்டுவந்து சேர்ப்பதே பதிவிறக்கம். பேச்சு வழக்கில் டவுன்லோடு என்பர். இங்கே ‘படி’ என்னும் சொல் கருதத்தக்கது. கிடங்கிலிருந்து ஒரு மூட்டையை எடுத்தால் அங்கே ஒரு மூட்டை குறையும். கோப்போ அவ்வாறு குறைவதில்லை. ஏட்டைப் பார்த்து ஏடு எழுதுவதுபோல, மூலம் அங்கேயே இருக்க, அதன் படியொன்று இங்கே உருவாகிறது. இனிக் கோபுரம் இயங்கினும் இயங்காவிடினும் அப்படி கைப்பேசியில் நிலைத்திருக்கும். பதிவிறக்காமல், இணையத்தின் வழியே ஓடவிட்டுப் பார்க்கும் காணொளியோ ஓடையில் கையேந்திக் குடிக்கும் நீர்போன்றது. ஓடை நின்றால் நீரும் இல்லை. மறுநாள் அதே பாடத்தைப் பார்க்க மீண்டும் அதே அளவு தரவைச் செலவிட வேண்டும்.

கோப்புகளின் அளவை அறிந்தாலன்றிக் குதிரை ஆள இயலாது. எண்மக் கருவிகளில் அளவைக்கு அடிப்படை பைட்டு. எட்டுப் பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட்டு. ஆயிரம் பைட்டு ஒரு கிலோபைட்டு, பத்து இலட்சம் பைட்டு ஒரு மெகாபைட்டு, நூறு கோடி பைட்டு ஒரு ஜிகாபைட்டு. இந்நாளில் வழங்கும் ஒருங்குறி முறையில் தமிழ் உயிரெழுத்துக்கு மூன்று பைட்டும், ‘கி’, ‘கூ’ போன்ற உயிர்மெய்க்கு ஆறு பைட்டும் வேண்டும். திருக்குறள் முழுவதிலும் 42,194 எழுத்துகள் உள்ளன என்று கணக்கிட்டுள்ளனர். ஒவ்வோர் எழுத்துக்கும் ஆறு பைட்டு என்றே கொண்டாலும், சொல்லிடைவெளிகளையும் சேர்த்து, 1,330 குறட்பாக்களும் மூன்று இலட்சம் பைட்டுக்குள் அடங்கிவிடும். கைப்பேசியில் எடுக்கும் ஓர் ஒளிப்படமோ பெரும்பாலும் முப்பது இலட்சம் பைட்டுக்குக் குறைவதில்லை. காலையில் ‘இனிய காலை வணக்கம்’ என்று பூங்கொத்தோடு வருகின்ற படங்கள் பலவற்றில் ஒவ்வொன்றும் ஒரு திருக்குறள் இருக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வணக்கம் நல்லதே. நூறு வணக்கங்களை நாள்தோறும் குதிரில் கொட்டி வைத்தால் கேழ்வரகுக்கு இடமேது?

1956ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஐபிஎம் நிறுவனம் செய்த முதல் வட்டுச் சேமிப்புப் பொறி ஐம்பது பெரிய தட்டுகளைக் கொண்டது. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ளது. அதில் 50 இலட்சம் எழுத்துகளே அடங்கின. இன்று ஆலைத் தொழிலாளியின் கையிலுள்ள எளிய கைப்பேசியும் 64 ஜிகாபைட்டு கொள்கிறது. இத்துணைப் பெரிய கொள்ளளவு நகத்தளவான சில்லில் அடங்கக் காரணமான ஃபிளாஷ் நினைவகத்தை 1980களில் கண்டவர், ஜப்பான் நாட்டுத் தொஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோக்கா. அச்சில்லில் கோடிக்கணக்கான நுண்ணறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையிலும் மின்னணுக்கள் சிறைப்பட்டு நிற்கின்றன. அவை எவ்வளவு நிற்கின்றன என்பதே செய்தி. மின்சாரம் நின்றாலும் அவை வெளியேறா. அதனாலேயே மின்கலம் தீர்ந்து அணைந்த கைப்பேசியிலும் படங்கள் அழியாமல் இருக்கின்றன.

64 ஜிகாபைட்டு என்று பெட்டியின்மேல் எழுதியிருந்தாலும் அவ்வளவும் உரியவருக்குக் கிடைப்பதில்லை. கைப்பேசியை இயக்கும் மென்பொருளே அதில் ஒரு கணிசமான பங்கை எடுத்துக்கொள்ளும். எஞ்சியதில் செயலிகள் அமரும். செயலிகள் தாம் இறக்கும் பொருள்களையும் குவிக்கும். குதிர் முழுவதும் நிரம்பிவிட்டால் புதிய பாடம் இறங்காது. படம் எடுக்கவும் இயலாது. கருவியும் தளர்ந்து நடக்கும். நுண்ணறைகளை ஒவ்வொன்றாக அழித்து எழுத இயலாமையே இத்தளர்ச்சிக்கு ஒரு காரணம். ஒரு தொகுதியாகவே அவற்றை அழிக்க முடியும். வெற்றுத் தொகுதிகள் இல்லையேல் இருப்பவற்றை இடம்பெயர்த்து அழித்து எழுத வேண்டும். ஆதலின் பத்தில் ஒரு பங்கேனும் வெற்றிடமாக விட்டுவைத்தல் நன்று.

இடம் வேண்டி எதை நீக்குவது என்பதில்தான் பலர் தவறுகின்றனர். செயலிகள் ஒருமுறை காட்டிய படங்களையும் பக்கங்களையும் மீண்டும் விரைந்து காட்டும் பொருட்டுத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும். அதனைக் கேச் என்பர். அது அடுப்பங்கரையில் கைக்கெட்டும் தொலைவில் வைத்த சிறு கலயம் போன்றது. அதனைக் கொட்டிவிட்டால் கேடில்லை. வேண்டும்போது மீண்டும் நிரம்பும். அதற்கு அருகிலேயே ‘சேமிப்பகத்தை அழி’ என்னும் மற்றொரு கட்டளையும் இருக்கும். அது கலயத்தையன்று, குதிரையே கவிழ்ப்பது. அச்செயலி சேர்த்துவைத்த அமைப்புகளும் இறக்கிய பாடங்களும் அதனால் ஒருங்கே போய்விடும். ஒரு செயலிக்குள்ளேயே இறக்கிவைத்த பாடம், அச்செயலியை நீக்கினால் பெரும்பாலும் அதனுடனேயே நீங்கும். பதிவிறக்கங்கள் என்னும் பொதுக் கோப்புறையில் இறங்கிய கோப்போ செயலி நீங்கினாலும் இருக்கும். இவ்வேறுபாட்டை அறியாமல் தேர்வுக்கு முதல்நாள் செயலியை நீக்கி மீண்டும் நிறுவியவரின் நிலை இரங்கத்தக்கது.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 2018ஆம் ஆண்டு முதல் விரைவுக் குறியீடுகள் அச்சிடப்பட்டன. 2017இல் தொடங்கிய திக்‌ஷா என்னும் செயலியால் அக்குறியீட்டைப் படித்தால் அப்பாடத்திற்குரிய காணொளி திறக்கும். அதனை இறக்கி வைத்துக்கொண்டு இணையமின்றியும் பார்க்கலாம். நாட்றாம்பாளையத்தில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி இருப்பதாகக் கொள்வோம். வீட்டில் கைப்பேசி ஒன்றே. அதுவும் ஓசூர் ஆலையில் பணிபுரியும் அண்ணனுடையது. சனிக்கிழமை மாலை அவன் வருவான். திங்கட்கிழமை விடியலில் போவான். இடைப்பட்ட ஒன்றரை நாளே அவளுக்கு உரியது. அந்நேரத்தில் 100 மெகாபைட்டு அளவுள்ள ஒரு பாடத்தை அவள் இறக்க வேண்டும். வேகத்தைப் பிட்டிலும் அளவைப் பைட்டிலும் சொல்வது வழக்கம் ஆதலின், நூற்றை எட்டால் பெருக்கி 800 மெகாபிட்டு என்று கொள்ள வேண்டும். ஓசூரில் நொடிக்குப் பத்து மெகாபிட்டு கிடைத்தால் 80 நொடியில் இறங்கிவிடும். ஊரில் நொடிக்கு அரை மெகாபிட்டே கிடைக்குமாயின் 1,600 நொடி, அஃதாவது ஏறத்தாழ 27 நிமிடம் வேண்டும். இடையில் அலை அறுந்தால் இன்னும் நீளும்.

“அண்ணா, நீங்கள் வரும்போதே பாடங்களை இறக்கிக்கொண்டு வாருங்கள். எண்களைத் தாளில் எழுதித் தருகிறேன்,” என்று அவள் சொல்வாளாயின், அவள் இக்கலையின் பாதியைக் கற்றவள் ஆவாள். அலை வளமாக உள்ள இடத்தில் இறக்குவதும், அலை இல்லாத இடத்தில் படிப்பதும் ஆகிய இரண்டையும் பிரித்தறிந்த அறிவு அது. அவனுடைய திட்டத்தில் நாள் ஒன்றுக்கு 2 ஜிகாபைட்டு என்று வரையறுத்திருந்தால், ஒரு நாளில் எஞ்சியது மறுநாளுக்குச் சேராது. இரவு உறங்குமுன் எஞ்சியதைக் கொண்டு மூன்று பாடங்களை இறக்கி வைத்தால் வீணாகப் போக இருந்தது தங்கைக்குப் பயன்படும். காணொளியின் தெளிவை நடுத்தரமாக வைத்துக்கொண்டால் இடமும் மிஞ்சும். கணக்குப் பாடத்திற்கு கரும்பலகை எழுத்துத் தெரிந்தால் போதாதா? ஆசிரியரின் சட்டைக் கோடுகளும் எண்ணத்தக்கவாறு தெரிய வேண்டுவதில்லை.

மேகக் கிடங்கில் கோப்புகளை வைத்திருப்பவர் அங்கேயே, குறிப்பிட்ட கோப்பை இணையமின்றியும் கிடைக்குமாறு செய்யலாம். அவ்வாறு குறித்த கோப்பின் படி ஒன்று கைப்பேசியில் இறங்கி நிற்கும். குறிக்காத கோப்புகளின் பெயரும் சிறுபடமும் மட்டுமே திரையில் தெரியும். பெயர் தெரிவதால் பொருளும் இருப்பதாகக் கருதுவது, கடைப்பலகையைப் பார்த்துப் பசியாறியதாக எண்ணுவது போன்றது. பேருந்து ஏறுமுன் விமானப் பயன்முறையை இட்டு, கோப்பைத் திறந்து பார்த்தல் நல்ல சோதனை. திறந்தால் இருக்கிறது, திறக்காவிடில் இல்லை.

இனிக் குதிரில் வைப்பது மட்டும் போதுமா என்னும் வினா எழும். போதாது என்பதைத் தமிழ் நூல்களின் வரலாறு நன்கு காட்டும். பனையோலை நெடுங்காலம் நில்லாது. செல்லும் பூச்சியும் ஈரமும் அதனைத் தின்றுவிடும். ஆதலின் நம் முன்னோர் ஏடு பழுதுபடுமுன் புதிய ஓலையில் படியெடுத்து வைத்தனர். படியெடுப்பார் இல்லாத நூல்கள் பெயரளவில் நின்றன. சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பிக்க முயன்றபோது, குறிஞ்சிப்பாட்டில் பூக்களின் பெயர்கள் வரும் இடத்தில் சில அடிகள் அவரிடமிருந்த ஏடுகளில் காணப்படவில்லை. பல இடங்களில் தேடி, முடிவில் தருமபுர ஆதீன மடத்து ஏட்டில் அவ்வடிகளைக் கண்டெடுத்தார். பத்துப்பாட்டு 1889இல் வெளிவந்தது. வேறொரு மடத்தில் வேறொரு படி இருந்திராவிடில் அம்மலர்கள் என்றென்றைக்கும் உதிர்ந்தே போயிருக்கும்.

யாழ்ப்பாணத்துப் பொதுநூலகத்திற்கு நேர்ந்ததோ பெருங்கொடுமை. 1981ஆம் ஆண்டு ஜூன் தொடக்கத்தில் அது தீக்கிரையாக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. வேறு படி இருந்த அச்சு நூல்களைப் பின்னர் வாங்கி அடுக்க முடிந்தது. ஒரே படியாக இருந்த ஏடுகளும் கையெழுத்துகளும் மீளவே இல்லை. 2005ஆம் ஆண்டில் ஈழத்து ஆவணங்களை எண்ம வடிவில் காக்கும் நூலகம் என்னும் திட்டம் தொடங்கியது. அதற்கு முன்னரே, 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில், பல நாட்டுத் தமிழர் கூடி இலக்கியங்களைத் தட்டெழுதி இலவசமாக வழங்கும் மதுரைத் திட்டத்தைத் தொடங்கியிருந்தனர். இன்று சங்க நூல் ஒன்றை ஒருவர் மேகத்திலிருந்து தம் கைப்பேசிக்கு இறக்கும்போது உலகில் அதன் படி ஒன்று மிகுகிறது. ஏட்டுக் காலத்தில் ஒரு படிக்குத் திங்கள் பல ஆயின. இப்பொழுது நொடிகள் சில.

ஆயினும் படி என்று நம்பியது படியாக இராமற் போவதும் உண்டு. மேலே கூறிய அண்ணன் தங்கையர் வீட்டிலேயே இதனைக் காணலாம். கைப்பேசி நிரம்பிவிட்டது. பாடம் இறங்கவில்லை. “படங்களெல்லாம் மேகத்தில் இருக்கின்றன பாப்பா, இங்கிருப்பவற்றை அழித்துவிடலாம்,” என்று அண்ணன் நூறு படங்களைத் தெரிந்து அழித்துவிடுகிறான். இடம் கிடைத்தது, பாடமும் இறங்கியது. மறுவாரம் தாய் கேட்கிறாள், காலமான பாட்டியின் படத்தைக் காட்டுமாறு. மேகத்திலும் அது இல்லை.

நிகழ்ந்தது இதுவே. ஒத்திசைவு என்னும் ஏற்பாட்டில் கைப்பேசியும் மேகமும் ஒன்றையொன்று பார்த்து எழுதும் இரு சுவடிகளைப் போன்றவை. இங்கே சேர்த்தால் அங்கேயும் சேரும். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். அவற்றை இரு தனிப் படிகளாக எண்ணியதே அண்ணனின் பிழை. கூகுள் ஃபோட்டோஸ் போன்ற செயலிகளில், மேகத்துப் படியை விட்டுவிட்டுக் கைப்பேசியில் உள்ளதை மட்டும் நீக்கி இடத்தைக் காலியாக்கும் கட்டளை தனியே உண்டு. அவன் அழுத்தியது அக்கட்டளையன்று. நல்லவேளையாக, மேகத்தில் ஏறிய படம் அழிக்கப்பட்டாலும் அச்செயலியின் குப்பைத்தொட்டியில் 60 நாள் கிடக்கும். ஒரு வாரமே கழிந்திருந்ததால் பாட்டியின் படம் மீண்டு வந்தது. 61ஆம் நாள் கேட்டிருந்தால் வந்திராது.

மேகக் கிடங்கின் இடமும் அளவற்றதன்று. கூகுள் நிறுவனம் இலவசமாகத் தரும் 15 ஜிகாபைட்டில் அஞ்சலும் கோப்பும் படமும் ஒருங்கே அடங்க வேண்டும். முன்பு சற்றே சுருக்கிய படங்களை எல்லையின்றி வைத்துக்கொள்ள அந்நிறுவனம் இடம் தந்தது. 2021 ஜூன் முதல் நாளோடு அவ்வழக்கம் முடிந்தது. இரண்டாண்டுகள் தொடர்ந்து பயன்படுத்தாத கணக்குகளை நீக்கலாம் என்னும் விதியும் 2023இல் வந்தது. கடவுச்சொல்லை மறந்து, பழைய எண்ணையும் மாற்றிவிட்டவர்க்குக் கிடங்கின் கதவே திறவாது. பிறர் கிடங்கில் வைத்த பொருளுக்குப் பிறர் விதியே விதி.

எனவே அரிய படங்கள் மேகத்தில் ஒரு படியும், வேறொரு நினைவட்டையிலோ உறவினர் வீட்டுக் கணிப்பொறியிலோ ஒத்திசைவற்ற மற்றொரு படியுமாக இருத்தல் வேண்டும். நினைவட்டை மலிவானது, கையடக்கமானது, ஆனால் முன்னறிவிப்பின்றிப் பழுதாகக் கூடியது. அதில் மட்டும் வைத்தலும் தகாது. காலை வணக்கப் படங்களுக்கு இரண்டாம் படி வேண்டா என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கிருஷ்ணகிரி மாவட்டத்து ஆலைகளில் இன்று கைப்பேசியின் உறுப்புகளும் செய்யப்படுகின்றன. ஓசூரை அடுத்த டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஐபோனின் புறக்கூடுகளை உருவாக்குவோரில் பெரும்பாலோர் பெண்கள். உலகெங்கும் செல்லும் கருவியின் கூடு மலைக்கு அப்பால் உருவாகிறது. மலைக்கு இப்பால் அதே இனக் கருவி அலைக்காகக் காத்திருக்கிறது.

சனிக்கிழமை மாலை அஞ்செட்டியைக் கடந்து பேருந்து காட்டுக்குள் நுழைகிறது. அலைக்கோடுகள் அனைத்தும் மறைகின்றன. அண்ணன் கைப்பேசியைத் திறந்து பார்க்கிறான். பதிவிறக்கங்கள் என்னும் கோப்புறையில் தங்கை எழுதித் தந்த வரிசைப்படியே ஐந்து பாடங்கள் நிற்கின்றன. ஐந்தாவது முக்கால் பங்கு இறங்கி நின்றுவிட்டது. திங்கட்கிழமை ஓசூர் சேர்ந்ததும் அது விட்ட இடத்திலிருந்து தொடரும். அதுவரை நான்கைக் கொண்டு படிக்கலாம்.